ரெட்டைச் சடை: எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் துணைக் கை

திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு டைலர் வேலைக்குப் போகும் ஓர் அம்மா, பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. வலது பக்கம் முழுவதும் பிறவியிலிருந்தே பலவீனம். ஆனால் அவர்கள் கைக்காக வரவில்லை, தலைமுடிக்காக வந்திருந்தார்கள்.

"முடிய வெட்டி உட்டுடலாமான்னு கேக்கத்தான் வந்தேனுங்க மேடம். எட்டரைக்கு நான் கம்பெனில இருக்கோணும். ஏழு மணிக்கு இவளுக்குத் தலை பின்னி, சோறு கட்டி, எங்க அம்மாளுக்கு மாத்திரை எடுத்து வெச்சு... நீங்க சொன்னா இவ கேப்பா."

அந்தப் பெண் ஒன்றும் பேசவில்லை. இடது கையால் ஒரு சடையை எடுத்து முன்னால் போட்டு, அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

இதை எழுத அம்மா, மகள் இருவரிடமும் சம்மதம் வாங்கியிருக்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். ஓ.டி. என்று சொன்னால் ஆபரேஷன் தியேட்டர் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். "ஆக்குபேஷன்னா வேலைதானுங்க? எட்டாவது படிக்கிற புள்ளைக்கு என்ன வேலை வாங்கித் தரப் போறீங்க?" என்று இந்தப் பெண்ணின் அப்பாவே ஒருநாள் போனில் கேட்டார். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, எழுதுவது, விளையாடுவது என்று ஒருவரின் நாளை நிரப்பும் எல்லாமே எங்கள் கணக்கில் 'ஆக்குபேஷன்'தான். தலை பின்னுவதும் அதில் சேர்த்தி.

பின்னணி

நிறைமாதக் குழந்தை, சுகப்பிரசவம். ஆறாவது மாதத்தில் கிலுகிலுப்பையை நீட்டினால் இடது கை மட்டும் வந்திருக்கிறது. "நம்ம புள்ள பீச்சாங்கைப் பழக்கம் போல" என்று வீட்டில் சிரித்து விட்டுவிட்டார்கள். ஒரு வயதுக்குள் ஒரு கைப்பழக்கம் உறுதியாகத் தெரிந்தால் அது பழக்கம் அல்ல, மற்றக் கையைச் சோதிக்கச் சொல்லும் அறிகுறி. ஒன்றரை வயதில் காலை இழுத்து நடந்தபோதுதான் மருத்துவரிடம் போனார்கள். ஸ்கேனில் மூளையின் இடது பக்கத்தில் பழைய ரத்த ஓட்டத் தடையின் தழும்பு இருந்தது. பிறப்பதற்குச் சற்று முன்போ பின்போ வந்த பக்கவாதம். மூளை முடக்குவாதத்தில் (செரிபரல் பால்சி) ஒருபக்க வகை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் 50 சதவீதம் என்று போட்டிருக்கிறது.

நடை, ஓட்டம், மாடிப்படி எதிலும் பெரிய சிக்கல் இல்லை. படிப்பில் நடுத்தரம். எழுதுவது இடது கையில், கையெழுத்தும் நன்றாகவே இருக்கும்.

அம்மா கொண்டுவந்த பையில் மூன்று வயதிலிருந்து சேர்த்துவைத்த சீட்டுகள் இருந்தன. தனியார் சென்டர் ஒன்று, பிறகு இன்னொன்று, அப்புறம் வட்டார வள மையத்தில் வாரம் ஒரு நாள் பயிற்சி. எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே வரிதான்: வலது மணிக்கட்டு, விரல்களுக்கு நீட்டல் பயிற்சி. தசை சுருங்கி இறுகிவிடாமல் இருக்க அதுவும் தேவைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பத்து வருடச் சீட்டுகளில் 'உனக்கு என்ன செய்ய வேண்டும்?' என்று அவளிடம் யாரும் கேட்ட தடயம் இல்லை. மணிக்கட்டை வளையவிடாமல் இரவில் கட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் அச்சு, தெர்மோபிளாஸ்டிக் ஸ்பிளிண்ட், ஒன்று பீரோ மேல் கிடப்பதாக அம்மா சொன்னார். கோடை இரவில் அதைப் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அது ஏன் பீரோ மேல் கிடக்கிறது என்று புரியும்.

கையைப் பார்த்தது

வலது முழங்கை கொஞ்சம் மடிந்தே நிற்கும். முன்கை உள்பக்கம் திரும்பியிருக்கும், மணிக்கட்டு கீழே வளையும், கட்டைவிரல் உள்ளங்கைக்குள் ஒதுங்கும். தசை இறுக்கத்தை 0 முதல் 4 வரை மதிப்பிடும் மாடிஃபைடு ஆஷ்வொர்த் அளவில், மணிக்கட்டை மடக்கும் தசைகளுக்கு 2. பிடி உண்டு. பிடித்ததை விடுவதுதான் கஷ்டம். இதை வீட்டில் பலர் கவனிப்பதில்லை. 'பிடிக்கவே மாட்டேங்குது' என்பார்கள். உண்மையில் பல குழந்தைகளுக்குப் பிடிப்பதை விட விடுவதில்தான் சிக்கல்.

மேக்ஸ் என்று ஒரு வகைப்பாடு இருக்கிறது. 4 முதல் 18 வயது வரை மூளை முடக்குவாதம் உள்ளவர்கள் கைகளை அன்றாடம் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதை ஐந்து நிலைகளாகப் பிரிப்பது. எந்தக் கை எவ்வளவு மோசம் என்று அது பார்க்காது, இரண்டும் சேர்ந்து என்ன செய்கின்றன என்றே பார்க்கும். இவள் இரண்டாம் நிலை: பெரும்பாலான பொருட்களைக் கையாளுவாள், வேகமும் நேர்த்தியும் குறைவு.

இதுவரை வழக்கமான பரிசோதனைதான். ஒரு துணிப்பையில் ரூபாய் நாணயம், சாவி, சட்டைப் பித்தான், அழிரப்பர், ஹேர்பின் ஐந்தையும் போட்டு, பார்க்காமல் தொட்டுச் சொல்லச் சொன்னபோதுதான் முக்கியமான விஷயம் வெளியே வந்தது. இடது கை ஐந்தையும் சொன்னது. வலது கையில் சாவி மட்டும்தான். ஹேர்பின்னைக் கையில் வைத்திருந்தபோதே "கையில ஒண்ணும் இல்லீங்க அக்கா" என்றாள்.

தசை இறுக்கத்தை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். தொட்டு அறியும் உணர்வு குறைந்திருப்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. சடை பின்னுவது தலைக்குப் பின்னால், கண் பார்க்காத இடத்தில் நடக்கும் வேலை. எந்தப் பிரி எந்த விரலில் இருக்கிறது என்று விரல்தான் சொல்ல வேண்டும். இவளுடைய வலது கை அதைச் சொல்லாது. போன வருடம் கண்ணாடி முன்னால் நின்று எத்தனையோ தடவை முயன்று அழுதிருக்கிறாள். சோம்பேறித்தனம் என்று அம்மிச்சி (அம்மாவின் அம்மா) திட்டியிருக்கிறார்.

அவளுடைய பட்டியல்

கனடாவில் உருவான சி.ஓ.பி.எம். என்ற பேட்டி முறையில், எந்தெந்த வேலை முக்கியம் என்று அவர்களையே சொல்லவைத்து, இப்போது எவ்வளவு செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று ஒன்றிலிருந்து பத்து வரை அவர்களே மதிப்பெண் போட வேண்டும். அம்மாவை வெளியே உட்காரச் சொன்னேன். முதல் பத்து நிமிடம் ஒன்றும் வரவில்லை. அப்புறம் வந்தது.

ரெட்டைச் சடை: செயல் 1, திருப்தி 2.

மூன்றாவதாகச் சொன்னது, கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவது: 4, 3.

இரண்டாவதைச் சொல்வதற்கு முன் கதவைப் பார்த்தாள். மாதவிலக்கு நாட்களில் பள்ளியில் நாப்கின் மாற்றுவது: 3, 2. வயதுக்கு வந்து எட்டு மாதம். பேண்ட் நாடாவை ஒரு கையால் முடிச்சுப் போட முடியாது. அதனால் காலையில் வைத்ததை மாலை வீட்டுக்கு வந்துதான் மாற்றுவாள். அதற்குப் பயந்து, மாதம் மூன்று நாள் லீவு. அம்மாவுக்குத் தெரிந்த காரணம் வயிற்று வலி.

நான் போட்ட முதல் திட்டம்

அதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு பாதிதான். அலபாமா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் டாப் பெரியவர்களின் பக்கவாதத்துக்கு உருவாக்கிய ஒரு முறை பின்னர் குழந்தைகளுக்கும் வந்தது. நல்ல கையைக் கையுறை போட்டுக் கட்டுப்படுத்தி, பலவீனமான கையை வேலை வாங்குவது. ஒருபக்க வகைக்கு அது பலன் தரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. எனக்கும் சின்னக் குழந்தைகளிடம் அது கைகொடுத்திருக்கிறது. அந்தத் தெம்பில் இவளுக்கும் தினம் இரண்டு மணி நேரம் என்று எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள் போனில் அவளே பேசினாள். "அக்கா, இந்தக் கையையும் கட்டிட்டா நான் என்னதான் பண்றது?"

சரியான கேள்வி. மூன்று வயதுக் குழந்தைக்கு அது பொம்மை விளையாட்டு. 13 வயதுப் பெண்ணுக்குத் தன்னால் முடிகிற கொஞ்சத்தையும் பிடுங்குவது போல. தவிர, சடை ஒரு கை வேலையே அல்ல. வலது கையைத் தனியாக எவ்வளவு பழக்கினாலும், இரண்டு கையும் சேர்ந்து செய்யும் வேலை தானாக வந்துவிடாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கார்டன் குழுவினர் இரு கைகளையும் ஒன்றாகவே தீவிரமாகப் பழக்கும் முறையை வளர்த்ததும் இப்படிப்பட்ட யோசனையில்தான். கையுறையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் நேரக் கணக்கு. குறிப்பிட்ட ஒரு வேலையைக் குறிவைத்துப் பழகினால், மொத்தம் 14 முதல் 25 மணி நேரத்தில் முன்னேற்றம் எதிர்பார்க்கலாம் என்று ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. பொதுவாகக் கைத்திறன் கூட வேண்டுமென்றால் 30, 40 மணி நேரம். வாரம் ஒரு தடவை முக்கால் மணி நேரம் என்னிடம் வந்தால், 12 வாரத்துக்கு 9 மணி நேரம்தான் ஆகிறது. மீதி வீட்டில்தான் நடக்க வேண்டும். ஷிப்ட் முடிந்து ஏழரைக்கு வரும் அம்மாவிடம் 'தினம் ஒரு மணி நேரம்' என்று எழுதிக் கொடுப்பது எனக்குச் சுலபம். நாங்கள் பேசி முடித்தது 15 நிமிடம், வாரம் ஆறு நாள்.

ஜன்னல் கம்பியில் மூன்று நிறம்

முதல் பாடம் தலையில் இல்லை. பழைய புடவையைக் கிழித்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று பட்டையை ஜன்னல் கம்பியில் கட்டினோம். கண்ணுக்கு நேராக, நெஞ்சு உயரத்தில். வலது கைக்கு ஒரே ஒரு வேலை: ஒரு பட்டையைப் பிடித்து நிற்பது. பின்னுவதெல்லாம் இடது கை விரல்கள். இடது கை இரண்டு பட்டையை விரலிடுக்கில் மாற்றிப் போட்டதும், வலது கை தான் வைத்திருப்பதை விட்டுவிட்டு அடுத்ததை வாங்க வேண்டும்.

அங்கேதான் மாட்டியது. விடு என்று நினைக்க நினைக்கக் கை இன்னும் இறுகும். அவசரப்பட்டால் முழங்கையும் சேர்ந்து மேலே வரும். விரலை நேராக்க முயற்சி செய்யாதே, மணிக்கட்டை மட்டும் கீழே தொங்கவிடு என்றேன். மணிக்கட்டு மடங்கும்போது விரல்களை மடக்கும் தசைநார் தளர்கிறது, விரல் தானாகப் பிரிகிறது. மணிக்கட்டைத் தூக்கினால் மறுபடி மூடும். எல்லார் கையிலும் உள்ள அமைப்புதான், நாம் கவனிப்பதில்லை. ஒன்பது பத்து தடவை முயன்ற பிறகு சிவப்புப் பட்டை நழுவி விழுந்தது. அவள் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தாள், மறுபடி தொங்கவிட்டாள், மறுபடி தூக்கினாள். "தண்ணிக் குழாய் மாதிரி இருக்குதுங்க" என்றாள். அதன் பிறகு எங்களுக்குள் அதன் பெயர் குழாய்.

முடிக்கு வந்தபோது கடைசியிலிருந்து தொடங்கினோம். முதல் வாரம் அம்மா முழுவதும் பின்னிவிட்டு, நுனியில் ரப்பர் பேண்டை மட்டும் இவள் போட வேண்டும். அடுத்த வாரம் கடைசி மூன்று பின்னல் இவளுடையது. பிறகு பாதி. இப்படிச் செய்தால் பின்னி முடித்தது என்ற திருப்தி ஒவ்வொரு நாளும் அவளுக்கே கிடைக்கும். தொடக்கத்திலிருந்து பழகினால் தினமும் பாதியில் தோற்று அம்மாவிடம் கொடுப்பதுதான் நடக்கும்.

பள்ளியின் ரெட்டைச் சடை விதியை எரிச்சலோடுதான் நானும் பார்த்தேன். ஆனால் இந்த விஷயத்தில் அதுவே கைகொடுத்தது. ஒற்றைச் சடை என்றால் முதுகுக்குப் பின்னால்தான். இரட்டை என்றால் ஒவ்வொன்றையும் தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்டுப் பின்னலாம், கண்ணால் பார்க்கலாம். கை உணராததைக் கண் ஈடுகட்டும். இடது சடை முதலில் வந்தது. இறுக்கமான வலது கையின் இயல்பான போக்கே நெஞ்சைக் குறுக்கே தாண்டி இடப்பக்கம் போவதுதான், அந்தப் போக்குக்கு எதிராகப் போகாமல் அதையே பயன்படுத்தினோம். வலது சடை படுத்திவிட்டது. முடியை நெஞ்சுக்கு நடுவே வரை இழுத்துக்கொண்டால்தான் இரண்டு கையும் எட்டும், அதனால் அந்தச் சடை இன்றும் கொஞ்சம் தளர்வாகத்தான் நிற்கும்.

இடையில் ஒரு வாரம் முன்னேற்றமே இல்லை. துணிப்பட்டை நிற்கிறது, முடி நிற்கவில்லை. தெரபிஸ்டாக நான் தசை, உணர்வு, கவனம் என்று யோசித்துக்கொண்டிருக்க, அம்மிச்சிதான் சொன்னார்: "எண்ண வெச்சு மொழுமொழுன்னு தேச்சு உட்டா எங்கீங்க நிக்கும்?" தேங்காய் எண்ணெய். அன்றிலிருந்து எண்ணெய் இரவில், காலையில் லேசாகத் தண்ணீர் தொட்டுச் சீவல். பிடி நின்றது.

ரிப்பன் முடிச்சு ஒரு கைக்கு நடக்காத காரியம், அதற்குப் பயிற்சி கொடுத்து நேரத்தை வீணடிக்கவில்லை. அம்மா டைலர் அல்லவா, கம்பெனியில் மிஞ்சிய எலாஸ்டிக்கில் ரிப்பனைப் பூவாகவே தைத்து விட்டார். சடையை மடித்து, எலாஸ்டிக்கை மாட்டினால் முடிந்தது. தூரத்தில் பார்த்தால் மற்றப் பிள்ளைகளின் ரிப்பனுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. அது அவளுக்கு ரொம்ப முக்கியம்.

பள்ளிக்கூடக் கழிப்பறை

இதில் கைப்பயிற்சியை விடப் பொருளை மாற்றியதுதான் அதிகம். சீருடைப் பேண்ட்டில் நாடாவை உருவி எலாஸ்டிக் போட்டோம், அரை மணி நேர வேலை. எட்டு மாதம் அதற்காகப் பள்ளிக்கூடத்தில் லீவு போயிருக்கிறது.

நாப்கினின் பின்தாளை உரிப்பதை என் அறையில் பழகினோம். நாப்கினை நடுவில் மடித்து வலது கைக்கும் வயிற்றுக்கும் நடுவே அழுத்திக்கொண்டால் இடது கை தாளை இழுத்துவிடும். உள்ளாடையை இரண்டு முழங்காலுக்கும் இடையே விரித்து, சுவரில் முதுகைச் சாய்த்து நின்று ஒட்ட வேண்டும். இறக்கை உள்ள நாப்கின் ஒரு கையில் தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும், அதனால் இறக்கை இல்லாதது. இதையெல்லாம் சுடிதாருக்கு மேல் ஒரு பழைய உள்ளாடையைப் போட்டுப் பழகினாள். முதல் நாள் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து ஒன்றும் நடக்கவில்லை.

பள்ளியில் போய்ப் பார்த்தேன். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இருந்தது, பையை மாட்ட ஓர் ஆணி இல்லை. ஈரத் தரையில் பையை வைக்க முடியாது, பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இருக்கிறது. தேவையான மாற்றங்களைச் செய்துதரப் பள்ளிக்குக் கடமை உண்டு என்று எடுத்துச் சொல்லத் தயாராகத்தான் போனேன். சட்டத்தைச் சொல்லும் முன்பே தலைமை ஆசிரியை "ஒரு கொக்கிதானே?" என்றார். மறுநாள் எல்லாக் கதவிலும் கொக்கி. ஒரு கதவில் மட்டும் போட்டிருந்தால் அது 'அவளுடைய கதவு' ஆகியிருக்கும். அந்த யோசனை அவருடையது, எனக்குத் தோன்றவில்லை.

பந்தி

மூன்றாவது குறிக்கோளில் எனக்குச் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. இடது கையால் அவள் சுத்தமாகவே சாப்பிடுவாள். சோத்தாங்கையால் சாப்பிடவில்லையே என்று பக்கத்து இலைக்காரர்கள் பார்க்கும் பார்வையில்தான் எல்லாம் நின்றுபோகிறது. கழுவுவதும் அதே கைதான் என்று அவர்களுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். சோப்புப் போட்டுக் கழுவும் முறையைச் சரிசெய்தோம், ஸ்பூன் எடுத்துப் போவதைப் பேசினோம். வலது கையால் இலையின் விளிம்பை அழுத்திப் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். ஆடி கழிந்து ஒரு வளைகாப்புக்குப் போய், வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள். அம்மிச்சி மட்டும் "எந்தக் கைல தின்னா என்ன, வயித்துக்குத்தானே போகுது" என்று சொல்லும் அளவுக்கு வந்திருக்கிறார். சொந்தபந்தம் மொத்தத்துக்கும் என்னால் பயிற்சி கொடுக்க முடியாது.

12 வாரத்துக்குப் பிறகு

வீட்டு நோட்டில் வாரம் ஆறு நாள் என்பது சராசரியாக நான்கு நாளாகத்தான் இருந்தது. கம்பெனியில் ஓவர்டைம் வந்த இரண்டு வாரம் வெறும் கட்டங்கள். என்னிடம் வந்த நேரத்தில் பாதியைச் சேர்த்தால், சடைக்கு மட்டும் மொத்தம் சுமார் 16 மணி நேரம் போயிருக்கும்.

இரண்டு சடையும் பின்னி ரிப்பன் மாட்ட 12 நிமிடம். அம்மாவின் கைக்கு அது 4 நிமிடம். பின்மண்டையில் வகிடு எடுப்பது வரவேயில்லை. கண் எட்டாது, வலது கைக்குத் தெரியாது. கோணல் வகிட்டோடு ஒருநாள் பள்ளிக்குப் போய்க் கேலி வாங்கியதும் அதை நிறுத்திவிட்டோம். இப்போது வகிடு எடுத்து அடியில் ரப்பர் பேண்ட் போடுவது அம்மிச்சி, மீதி இவள். முழுச் சுதந்திரம் வர வேண்டும் என்று நான் இன்னும் நான்கு வாரம் இழுத்திருப்பேன். அவள்தான் "அது அம்மிச்சி பண்ணட்டுங்க்கா" என்றாள்.

அவள் மறுபடி போட்ட மதிப்பெண்: சடை 7, திருப்தி 9. நாப்கின் 8, 8. பந்தி 5, 3. இரண்டு புள்ளியோ அதற்கு மேலோ கூடினால் அது பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்பது இந்த அளவுகோலின் வழக்கம். மணிக்கட்டு இறுக்கம் முன்பு இருந்த அதே 2. துணிப்பையில் இப்போதும் சாவி மட்டும்தான் தெரிகிறது, ஹேர்பின் தெரியவில்லை. கடைசி இரண்டு மாதமும் மாதவிலக்கு நாட்களில் லீவு இல்லை.

ஸ்பிளிண்ட்டைப் பீரோ மேலிருந்து எடுக்கவைக்க இன்னும் என்னால் முடியவில்லை. உயரம் வேகமாகக் கூடும் வயது, எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை நீளாவிட்டால் மணிக்கட்டு இன்னும் மடங்கும். மார்கழிக் குளிரில் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

புதிய பட்டியல் போடலாமா என்று கேட்டதற்கு இந்த முறை பத்து நிமிடம் ஆகவில்லை, அம்மாவை வெளியே அனுப்பவும் தேவைப்படவில்லை. பிளஸ் ஒன் போனால் அரசு சைக்கிள் கொடுக்கும், அதற்குள் ஓட்டப் பழக வேண்டுமாம். சமநிலை பிரச்சினை இல்லை, வலது கை பிரேக்தான் பிரச்சினை. முன், பின் இரண்டு பிரேக்கையும் இடது கைப் பக்கம் ஒரே லீவரில் இணைக்கும் வழி இருக்கிறது. ஊத்துக்குளி ரோட்டில் தெரிந்த சைக்கிள் கடைக்காரர் ஒருவர் இருக்கிறார், செய்து தருவாரா கேட்க வேண்டும் என்றேன்.

"அதெல்லாம் வண்டி வாகனம் போற ரோடுங்க மேடம்," என்றார் அம்மா. மகள் அவரைப் பார்க்காமல் என் நோட்டில் முதல் வரியில் தானே எழுதினாள்: சைக்கிள். செயல் 1, திருப்தி 1.